எனக்குத் தேடுகிறது

கோடைக் காலத்தில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம். கடலூருக்கும் பாரிஸுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைக்கிறார்கள் என்பது, அமாவாசையும் கிருத்திகையும் நினைவுக்கு வருவதுபோலப் பல ஆண்டுகளாக எனக்குத் தானாகவே நினைவுக்கு வருகிறது. மாலை ஆறரை மணிக்கு வாசலில் விளக்கேற்றி வைத்துவிட்டு நிமிரும்போது, அங்கே இப்போது பிற்பகல் மூன்று மணி, அவன் வேலையில் இருப்பான் என்று மனம் ஒரு கணக்குப் போட்டு முடித்திருக்கும். நான் கணித ஆசிரியை என்பதால் வந்த பழக்கம் என்று இதற்குக் காரணம் சொல்லிக்கொள்ள முடியாது.

இதை எழுத வைத்தது என் பேரன். சென்ற மாதம் என் மகள் அலுவலக வேலையாக வெளியூர் செல்ல வேண்டியிருந்ததால், இரண்டு வயதுப் பிள்ளையை ஒரு வாரம் எங்களிடம் விட்டுச் சென்றாள். முதல் இரண்டு நாள் நன்றாக விளையாடியவன் மூன்றாம் நாள் இரவு காய்ச்சலில் படுத்துவிட்டான். சளி இல்லை, இருமல் இல்லை, மருத்துவரும் கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “மருந்தெல்லாம் எதுக்கும்மா, புள்ளைக்கு அம்மாவைத் தேடுது” என்றார். அந்தச் சொல்லை நான் என் பாட்டி வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று காலை அது என்னைக் கையைப் பிடித்து நிறுத்தியது. பிள்ளை தேடுகிறான் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தேடுகிறது என்றார். பசிக்கிறது, குளிர்கிறது, வலிக்கிறது என்று சொல்வதுபோல, இதிலும் மனிதர் எதையும் செய்வதில்லை, அவருக்கு அது நேர்கிறது. முப்பது ஆண்டுகளாக எனக்கு நேர்ந்துகொண்டிருப்பதற்கு ஒரு பெயர் உண்டென்றும், அதில் என் குற்றம் எதுவும் இல்லையென்றும் எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

1991-ஆம் ஆண்டில் நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கணிதப் பட்ட வகுப்பில் சேர்ந்தேன். மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய்வர வேண்டும். ஆல்பேட்டையைத் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்று மாறும். பெரியகங்கணாங்குப்பம், ரெட்டிச்சாவடி வரைக்கும் தமிழ்நாடு. முள்ளோடைக்கு அப்பால் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று புதுச்சேரி ஊர்கள். வழியெங்கும் வெயிலும் சவுக்குத் தோப்புகளும் ஒன்றுபோலவே இருந்தன. ஆயினும் இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆண்ட மண், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண் என்ற அந்தப் பழைய கோடு என் வாழ்க்கையின் குறுக்கேயும் ஓடப்போகிறது என்று பதினேழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

கூட்டம் நிறைந்த பேருந்தில் நிற்பவர்களின் பையையும் புத்தகத்தையும் உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர்களில் உள்ள வழக்கம். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். தவளக்குப்பத்தில் ஏறிய ஒருவன் தன் பையை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாளிடம் கொடுத்தான். அந்த அம்மாள் அரியாங்குப்பத்தில் இறங்கும்போது, “இந்தாம்மா, வச்சுக்க” என்று அதை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். யாருடையது என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். “என்னுதுதாங்க” என்றான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தப் பை நேராக என்னிடம் வந்தது.

தவளக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவனுடைய பை என் மடியில் இருக்கும். அவன் இரண்டு இருக்கை தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பான். பையின் மேற்புறத்தில் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் துருத்திக்கொண்டிருக்கும். ஒருநாள் அதைப் பிரித்துப் பார்த்தேன். அப்படிச் செய்தது தவறுதான். ஆனால் அவன் பார்த்துவிட்டுச் சிரித்தானே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பிரெஞ்சுப் பாடம். ஒரு பக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லும் அதற்கு எதிரே தமிழ்ச் சொல்லுமாக வரிசை வரிசையாக எழுதியிருந்தான். தமிழ்ச் சொற்களின் பக்கம் சில இடங்களில் காலியாக இருந்தது. நான் அகராதியைப் பார்த்து வந்து, அடுத்த நாள் பென்சிலால் அந்த இடங்களை நிரப்பினேன். அதற்கு அடுத்த நாள், தேவையே இல்லாத சில காலி இடங்கள் இருந்தன. வீடு, கதவு, மழை என்ற எளிய சொற்களுக்கு எதிரேகூட ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். அந்தக் காலி இடங்கள் எனக்காக விடப்பட்டவை என்று உணர்ந்த அந்தக் காலைநேரத்தை, முருங்கப்பாக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்த பேருந்தின் குலுக்கலோடும், சன்னல் வழியே முழங்கையில் விழுந்த வெயிலின் சூட்டோடும் இன்றைக்கும் என்னால் திரும்ப எடுக்க முடிகிறது.

அந்த நோட்டில் எண்களைப் பற்றிய ஒரு பக்கமும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 7 என்ற எண்ணை எழுதும்போது அதன் இடுப்பில் குறுக்காக ஒரு சிறு கோடு போடுவார்கள். 1 என்ற எண்ணோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி எழுதுகிறார்கள் என்று பின்னால் அவன் எனக்குச் சொன்னான். எனக்கு அது பிடித்துப்போயிற்று. நானும் என் கணக்கு நோட்டில் அப்படியே எழுதத் தொடங்கினேன்.

மூன்று ஆண்டுகளில் நாங்கள் தனியாகச் சந்தித்தது இரண்டே முறைதான். ஒருமுறை பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்துக்கு எதிரே உள்ள பெஞ்சில், அரை மணி நேரத்துக்கும் குறைவாக. இன்னொருமுறை 1994-ஆம் ஆண்டு மாசி மகத்தன்று, வைத்திக்குப்பம் கடற்கரையில். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்க, இலட்சக்கணக்கான சனங்கள் திரண்ட அந்தக் கூட்டத்தில் எங்களை யாரும் கவனிக்கவில்லை. அவன் கிறித்தவன். எனக்காக மயிலம் முருகனின் பல்லக்குக்குப் பின்னால் வேர்வை வழிய நின்றான். அன்றுதான் தான் போகப்போவதைச் சொன்னான்.

அவன் வீட்டைச் ‘சொல்தா வீடு’ என்று ஊரில் அழைப்பார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் குடும்பங்களுக்கு அந்தப் பெயர். அவனுடைய தாத்தா சைகோனில் பணியாற்றியவர். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். நான் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் போடப்பட்ட அந்தக் கையெழுத்தினால், தவளக்குப்பத்துச் செம்மண்ணில் கிட்டிப்புள் விளையாடி வளர்ந்த பேரப்பிள்ளை பிறக்கும்போதே பிரான்சு நாட்டுக் குடிமகன் ஆனான். அந்நாளில் அந்த நாட்டு இளைஞர்களுக்குப் பத்து மாதக் கட்டாய இராணுவச் சேவை இருந்தது. 1997-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி அதை நிறுத்தும் வழியைத் தொடங்கினார்கள். எங்களுக்கு அது தாமதம். அந்தப் பெரியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தம் பிள்ளைகளின் சோற்றுக்காகத்தான் அவர் அதைச் செய்தார். ஆனாலும், அந்தப் பேனா அன்று எழுதாமல் போயிருந்தால் என்று நினைக்காமல் நான் ஓர் ஆகஸ்ட் 16-ஐயும் கடந்ததில்லை.

அவன் ஜூன் மாதத்தில் புறப்பட்டான். கல்லூரி முடிந்துவிட்டதால் எனக்குப் புதுச்சேரிக்குப் போகக் காரணம் எதுவும் இருக்கவில்லை. சான்றிதழ் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அவன் விமானம் ஏறிய நாளன்று வழக்கமான பேருந்தில், வழக்கமான சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போனேன். தவளக்குப்பத்தில் நால்வர் ஏறினார்கள். யாரும் என்னிடம் பையைக் கொடுக்கவில்லை. புதுச்சேரியில் இறங்கி, அடுத்த பேருந்திலேயே திரும்பி வந்தேன்.

கடிதங்கள் புதுப்பாளையத்தில் இருந்த என் தோழியின் வீட்டு முகவரிக்கு வரும். ஒரு கடிதம் வந்து சேரப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். முகாமில் இருக்கும் குளிரைப் பற்றியும், தன்னோடு இருந்த ரெயூனியன் தீவுப் பையன் தன்னைத் தமிழன் என்று சொல்லிக்கொண்டாலும் ஒரு சொல்கூடத் தமிழ் அறியாததைப் பற்றியும் எழுதுவான். என் பதில்கள் மஞ்சக்குப்பம் அஞ்சலகத்திலிருந்து நீல நிற ஏரோகிராமில் போகும். சேவை முடிந்ததும் பாரிஸின் வடக்குப் புறநகரில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். 1996-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த கடிதத்தில், ஓராண்டு பொறுத்துக்கொள்ள முடியுமா, அதற்குள் நிரந்தர வேலை கிடைத்துவிடும், வந்து உங்கள் அப்பாவிடம் பேசுகிறேன் என்று கேட்டிருந்தான். வீட்டில் அதற்குள் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்திருந்தது. சாதி வேறு, மதம் வேறு, நாடும் வேறு என்ற நிலையில் எந்த ஒன்றை முதலில் எடுத்துப் பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. முடியாது என்று எழுதுவதற்காக நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் தேதியை மட்டும் எழுதிவிட்டு எழுந்தேன். திருமணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பு எல்லாக் கடிதங்களையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். திருவந்திபுரத்தில், ஒரே முகூர்த்தத்தில் நூற்றுக்கணக்கான தாலி ஏறும் அந்த மலையடிவாரத்தில், எனக்கும் திருமணம் நடந்தது. என் கணவர் நல்லவர். இருபத்தொன்பது ஆண்டுகளில் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவரை நான் மனமார நேசிக்கிறேன் என்பதும், எனக்குத் தேடுகிறது என்பதும் இரண்டுமே உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

என்னை உண்மையில் வாட்டியது வேறொன்று. நம் மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது. மாமன் மகன், சித்தி மகள், கொழுந்தனாரின் மைத்துனர் என்று எவ்வளவு தூரத்து உறவையும் ஒரு சொல்லால் கட்டி அருகில் கொண்டுவந்துவிடுகிறோம். அந்த முறையைச் சொல்லித்தான் ஒருவர் நலமா என்று கேட்கவும், ஒருவர் இறந்தால் அழவும் நமக்கு உரிமை வருகிறது. அவனுக்கும் எனக்கும் என்ன முறை? நண்பன் என்றால் அது பொய். தெரிந்தவர் என்றால் அது அவமதிப்பு. எட்டாம் நாள் துக்கமும் பதினாறாம் நாள் காரியமும் செய்து ஆறுதல் அடையப் பழகிய ஓர் ஊரில், காரியம் செய்ய முடியாத ஒரு பிரிவை நான் எங்கே கொண்டுபோய்க் கரைப்பது? இந்தப் பதிவில் ‘அவன்’ என்று எழுதுவதும் இதனால்தான். நேரில் ஒருநாளும் நான் அவனை அப்படி ஒருமையில் அழைத்ததில்லை, எப்போதும் ‘நீங்க’தான். ஆனால் ‘அவர்’ என்ற சொல் நம் வீடுகளில் கணவருக்கு உரியது. இருவருக்கும் அதே சொல்லைத் தர என் நா எழவில்லை.

எங்கள் பள்ளித் தமிழாசிரியை ஒருமுறை பேச்சுவாக்கில், தொல்காப்பியம் வகுக்கும் ஐந்து திணைகளில் கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு இரங்கலைத்தான் உரிப்பொருளாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பொழுது, எற்பாடு, சூரியன் சாயும் நேரம். கடற்கரையில் வாழ்கிறவளுக்கு அதில் வியப்பொன்றும் இல்லை. தேவனாம்பட்டினத்தில் மாலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. அது நமக்குப் பின்னால், ஊருக்குள் இறங்குகிறது. நமக்கு எதிரே கடல்தான் முதலில் கறுக்கிறது. வெளிச்சம் இன்னும் முதுகில் இருக்கும்போதே முகத்துக்கு நேரே இருட்டத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களில், கரையில் நிற்கும் எல்லோருமே கொஞ்சம் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

அதே தேவனாம்பட்டினத்தில் 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தது. அந்த நாளைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் துயரத்துக்குப் பக்கத்தில் என் கதையை வைக்கக் கூடாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சில மாதங்கள் கழித்து என் தோழி வந்திருந்தபோது, கடல் புகுந்ததற்கு மறுநாள் அவர்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததாகச் சொன்னாள். அவளுடைய அப்பா எடுத்திருக்கிறார். பேசியவர் பெயர் சொல்லவில்லை. “மஞ்சக்குப்பம் பக்கமெல்லாம் எப்படிங்க இருக்கு? எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். “அதுவரைக்கும் தண்ணி வரலைங்க” என்று இவர் சொன்னதும், “ரொம்ப நன்றிங்க” என்று வைத்துவிட்டார். ஒருத்தியைப் பற்றிக் கேட்க முறை இல்லாதவன், ஊரைப் பற்றிக் கேட்டிருக்கிறான். எனக்குத் திருமணமாகி, நான் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தது அவனுக்குத் தெரிந்திருக்காது. கல்லைக் கட்டிக் கடலில் விடப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் என்று எங்கள் பகுதியைச் சொல்வார்கள். தோழி போன பிறகு பாடலீசுவரர் கோயிலுக்குப் போய், பெரியநாயகி சன்னதியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து நான் கேட்க வேண்டிய முறை வந்தது. 2015 நவம்பரில், தீபாவளிக்கு முந்தைய நாள் கொட்டிய மழையில் கடலூர் மாவட்டமே மிதந்தது. அந்த வாரம் முழுதும் பள்ளி இல்லை. பதின்மூன்றாம் தேதி நள்ளிரவுக்குப் பிறகும் கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்ற பயத்தில் உறங்காமல் இருந்தேன். காலையில் தொலைக்காட்சியைப் போட்டபோது, நான் விழித்திருந்த அதே நேரத்தில் பாரிஸில் இரவு ஒன்பதரை மணிவாக்கில் தாக்குதல் தொடங்கியதைக் காட்டினார்கள். முதல் குண்டு வெடித்தது வடக்குப் புறநகரில், விளையாட்டரங்கத்துக்கு வெளியே. நான் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி, சேறு அப்பிய கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கணவர் வந்து பக்கத்தில் நின்றார்.

“அங்க யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?” என்றார்.

“காலேஜ் படிக்கிறப்ப பஸ்ல கூட வருவாங்க ஒருத்தர்” என்றேன். அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துடைப்பத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு, “அவர் நல்லாத்தான் இருப்பாரு. நீ உட்காரு, நான் தள்ளிடறேன்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை வாசல் பக்கம் தள்ளத் தொடங்கினார். நான் கொடுக்கத் தயங்கிய அந்த ‘அவர்’ என்ற சொல்லை என் கணவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. இதைப் பதிவிடுவதற்கு முன்பு அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கன்னியக்கோவில் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைச் சொன்னார். திருத்தியிருக்கிறேன்.

இணையத்தில் அவனைத் தேடலாமே என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். தேடினால் கிடைத்துவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். அவன் பெயரை நான் எந்தப் பெட்டியிலும் தட்டச்சு செய்ததில்லை. எனக்குத் தேடுகிறது, நான் தேடவில்லை.

சென்ற வாரம் ஆசிரியர் அறையில் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். தாள்களில் பெயர் தெரியாதபடி மடித்து ஒட்டியிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இளைய ஆசிரியை ஒரு தாளை உயர்த்திக் காட்டி, “இது உங்க வகுப்புப் பிள்ளைதானே டீச்சர்?” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “உங்க கிட்டப் படிச்சதுங்க எல்லாம் ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போடுதுங்களே” என்று சொல்லி, தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை. 77-ஐ 7-ஆல் வகுத்திருந்தாள். மூன்று ஏழுகளின் இடுப்பிலும், அளந்து வைத்ததுபோல, ஒரே அளவில் சிறிய கோடுகள் இருந்தன.